சிப் தூங்கியது, சுற்றியிருந்தவை தூங்கவில்லை

நஞ்சநாடு பக்கம் மாமாவின் தோட்டத்தில், ஓடையை ஒட்டின கடைசிப் பாத்தியில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகல பிளாஸ்டிக் பெட்டி, மூங்கில் கம்பத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில். காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், மண்ணின் வெப்பநிலை மூன்றையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, மேட்டில் இருக்கும் வீட்டுக்கு ரேடியோவில் அனுப்பும். உறைபனி இறங்கப் போகிறது என்றால் மாமாவின் போன் அடிக்கும், அவர் எழுந்துபோய் மோட்டாரைப் போட்டு ஸ்பிரிங்ளரைத் திறந்துவிடுவார். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வேலையை முதல் வருடம் அது இருபத்தோரு நாள்தான் செய்தது.

ஊட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நவம்பரில் நீர்ப்பனி ஆரம்பிக்கும், டிசம்பர் பாதிக்கு மேல் உறைபனி. மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனம், அது தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். வீட்டு வாசலில் தெர்மாமீட்டர் 4 டிகிரி காட்டுகிற அதே நேரத்தில் கீழே ஓடைக்கரைப் புல் வெள்ளையாகியிருக்கும். அதனால் பெட்டி கீழேதான் இருந்தாக வேண்டும். கீழே கரண்ட் கிடையாது. சோலார் தகடு வைக்கலாம் என்றால் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மூடுபனி, குரங்கும் சும்மா விடாது. ஆக பேட்டரிதான். மூன்று டபுள்-ஏ அல்கலைன் செல்.

பிப்ரவரி முதல் வாரம் ஒரு காலையில் மாமா போன் பண்ணினார். "மாப்ளே, ராத்திரி உன் பெட்டி ஒண்ணுமே சொல்லலையே. கீழ்ப்பாத்தி பூரா கருகிப்போச்சு." நான் போய்ப் பார்த்தபோது வெயில் ஏறியிருந்தது. நீர்போகத்துக்கு, அதாவது நீர் பாய்ச்சிப் பயிரிடும் போகத்துக்குப் போட்ட உருளைக்கிழங்கு அப்போதுதான் நாலு இலை விட்டிருந்தது. இலைகள் கொதிக்கிற தண்ணீர் ஊற்றின மாதிரி துவண்டு, கருப்பாக, தொட்டால் விரலில் ஒட்டியது. மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து செல்லை அளந்தேன், மூன்றும் சேர்ந்து 2.7 வோல்ட். புதுசாகப் போடும்போது 4.8 இருந்தது.

என் கணக்குப்படி அந்தச் செல்கள் பல வருடம் வந்திருக்க வேண்டும். கணக்கு இதுதான்: நான் எடுத்திருந்தது உள்ளேயே புளூடூத் ரேடியோ உள்ள 64 மெகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ் எம்4 சிப், அதுதான் பெட்டியின் மூளை. அது தூங்கும்போது, அதாவது வேலை இல்லாத நேரத்தில் 32 கிலோஹெர்ட்ஸ் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, 1.9 மைக்ரோஆம்பியர் என்று அதன் விவரக்குறிப்பான டேட்டாஷீட் சொல்கிறது. தூரத்துக்கு அனுப்ப தனியாக ஒரு லோரா ரேடியோ, எஸ்எக்ஸ்1276. அது தூங்கினால் 0.2 மைக்ரோ. காற்று சென்சார் சும்மா இருக்கும்போது இன்னொரு 0.2. பேட்டரி வோல்டேஜை 3.3 வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுக்கும் ரெகுலேட்டர் விஷயத்தில் முதலிலேயே கவனமாக இருந்தேன், கடையில் கிடைக்கிற 1117 வகை தனக்கென்றே 5 மில்லிஆம்பியர் தின்னும், அதை விட்டுவிட்டு 1.6 மைக்ரோவில் ஓடும் எம்சிபி1700 போட்டேன். எல்லாம் கூட்டினால் ஐந்து மைக்ரோகூட வரவில்லை. கூட்டல் சரி. ஆனால் கூட்டினது எல்லாமே தூங்கும் நிலையின் எண்கள். அவை உண்மையிலேயே தூங்குகின்றனவா என்று நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல வருகிறேன். சிப்பைத் தூங்க வைப்பது ஒரு வரி கோடு. அந்தச் சிப்புக்குள் இருக்கிற பெரிஃபெரல் என்கிற துணைப் பகுதிகள், அதாவது சீரியலில் எழுத்து அனுப்பி வாங்கும் யுஆர்ட், சென்சாரோடு பேசும் ஐ2சி, வோல்டேஜை எண்ணாக்கும் ஏடிசி, நேரம் எண்ணும் டைமர், அப்புறம் வெளியே தொங்கும் சென்சார், ஃபிளாஷ், ரேடியோ, இவை ஒவ்வொன்றையும் நாம்தான் எழுப்பினோம். எழுப்பினவர்களே திரும்பப் போய்ப் படுக்க வைத்தால்தான் உண்டு. அதில் ஒன்று விழித்திருந்தாலும் 1.9 மைக்ரோ என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

முதலில் அளப்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் மற்றதெல்லாம் யூகம்தான். மல்டிமீட்டரை மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் வைத்து பேட்டரியோடு தொடராக இணைத்தால், அந்த ரேஞ்சில் மீட்டருக்குள்ளேயே பெரிய ரெசிஸ்டர் இருக்கும். போர்டு எழுந்து 30 மில்லி இழுக்கும் நொடியில் வோல்டேஜ் எல்லாம் மீட்டரிலேயே விழுந்து, போர்டு ரீசெட் ஆகி, திரும்ப எழுந்து, திரும்ப ரீசெட் ஆகும். நான் செய்தது வேறு. பேட்டரி கம்பியில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டு, அதன் இரண்டு முனையிலும் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்தேன். 4 மில்லிஆம்பியர் போனால் 40 மில்லிவோல்ட். கரண்ட் குறைந்த பிறகு 10 ஓமை எடுத்துவிட்டு 1 கிலோஓம், கூடவே அதற்கு இணையாக ஒரு சின்ன சுவிட்ச். போர்டு கிளம்பும்போதும் ரேடியோ பேசும்போதும் சுவிட்ச் மூடியிருக்கும், தூங்கினதும் திறந்துவிடுவேன். அப்போது 1 மைக்ரோஆம்பியருக்கு 1 மில்லிவோல்ட், மனக்கணக்கே வேண்டாம். ரீடிங் நிலையாக நிற்கட்டும் என்று போர்டு பக்கம் ஒரு 1000 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் வைத்திருந்தேன், அதுவே சில மைக்ரோ கசிகிறது என்று பிறகு தெரிந்தது, அதை எடுத்துவிட்டு செராமிக் போட்டேன்.

இன்னொன்று. டீபக்கர் என்ற பிழை தேடும் கருவி மூலம் புரோகிராம் ஏற்றின உடனே அளக்காதீர்கள். டீபக் இணைப்பு சிப்புக்குள் ஒரு பகுதியை விழிக்க வைத்திருக்கும், கம்பியைப் பிடுங்கினாலும் அது அப்படியே இருக்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டின பிறகு வருகிற எண்தான் எண். இதனால் எனக்கு ஒரு முழு சாயந்திரம் போனது.

சரி, அடுப்படி மேஜையில் பெட்டியைப் பிரித்து வைத்து உட்கார்ந்தேன். மீட்டர் 40 மில்லிவோல்ட் காட்டியது, அதாவது 4 மில்லிஆம்பியர், சிப் "தூங்கும்போது". செல்லின் 2000 மில்லிஆம்பியர்-மணியை 4 ஆல் வகுத்தால் 500 மணி நேரம். இருபத்தோரு நாள். பெட்டி செத்த தேதி அப்படியே வந்தது. அந்தக் கணத்தில் மனசு கொஞ்சம் இலகுவானது, ஏனென்றால் காரணம் குளிரோ செல்லோ இல்லை, இந்த மேஜைமேல் என் கண் முன்னால்தான் இருக்கிறது.

முதல் ஆள் கண்ணுக்கே தெரிந்தான். காற்று சென்சார் வந்த சின்னப் பலகையில் ஒரு சிவப்பு எல்இடி, பவர் இருக்கிறது என்று காட்ட. கூட ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டர். 3.3 வோல்ட்டில் எல்இடிக்கு 1.9 போக மீதி 1.4 வோல்ட், அப்படியானால் 1.4 மில்லி. 0.2 மைக்ரோவில் தூங்கத் தெரிந்த சென்சாரின் பக்கத்தில் அதைவிட 7000 மடங்கு தின்கிற விளக்கு. சால்டரிங் அயர்னால் தொட்டு எடுத்தேன். 40 இறங்கி 26.

அடுத்தது லோரா ரேடியோ. அனுப்பி முடித்ததும் அது தானாகவே ஸ்டாண்ட்பைக்குப் போகும். ஸ்டாண்ட்பை என்ற பெயரைப் பார்த்து அதுதான் ஓய்வு என்று நினைத்துவிட்டேன். ஸ்டாண்ட்பையில் அதன் உள் கிரிஸ்டல் ஓடிக்கொண்டேதான் இருக்கும், டேட்டாஷீட்டில் 1.6 மில்லி என்று அச்சடித்திருக்கிறது. தூக்கம் என்பது தனி நிலை, தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். ஒரு வரி சேர்த்தேன், 26 இறங்கி 10. எந்தச் சிப் எடுத்தாலும் இந்த வார்த்தைகளில் கவனம் வையுங்கள். ஐடில், ஸ்டாண்ட்பை, ஸ்லீப், டீப் ஸ்லீப், பவர் டவுன், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அர்த்தத்தில் எழுதுகிறது. பெயரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும்.

இப்போது 10 மில்லிவோல்ட், அதாவது 1 மில்லிஆம்பியர். வெளியே பெரிதாகப் பிடுங்க இனி எதுவும் இல்லை. இனிமேல் சிப்புக்குள் போக வேண்டும், அங்கேதான் எனக்கு நிஜமாகவே புரிந்தது.

இந்த மாதிரிச் சிப்பில் இரண்டு கடிகாரம். ஒன்று 32.768 கிலோஹெர்ட்ஸ், கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே கிரிஸ்டல், அரை மைக்ரோ அளவில் ஓடிவிடும். இன்னொன்று மெகாஹெர்ட்ஸ் வேகக் கடிகாரம், சிபியு, ரேடியோ, யுஆர்ட், ஐ2சி எல்லாம் இதை நம்பித்தான் வேலை செய்கின்றன. இது ஓடினால் நூற்றுக்கணக்கில் மைக்ரோஆம்பியர். சிப் தூங்கப் போகும்போது இந்த வேகக் கடிகாரத்தைத் தானே நிறுத்திவிடும், ஆனால் ஒரு நிபந்தனை, யாரும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. கடைசி ஒருத்தர் இலையில் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் சமையல்காரர் அடுப்பை அணைக்க முடியாது. அவர் ஒரு டம்ளர் ரசம்தான் கேட்கப் போகிறார் என்றாலும் அடுப்பு முழுசாக எரிந்தாக வேண்டும். பெரிஃபெரலின் சொந்தச் செலவு பெரும்பாலும் சின்னதுதான். அது பிடித்து வைத்திருக்கும் கடிகாரம்தான் பேட்டரியைக் குடிக்கிறது.

என் பந்தியில் எழாமல் இருந்தது யுஆர்ட். சீரியல் மானிட்டரில் செய்தி அச்சடிக்க மட்டும்தான் அதைத் திறந்தேன், ஆனால் திறக்கும்போதே அனுப்பும் பக்கம், வாங்கும் பக்கம் இரண்டும் திறந்துகொள்கிறது. அனுப்புவது முடிந்தால் முடிந்தது. வாங்குவது அப்படி இல்லை, எதிர்ப்பக்கத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் எழுத்து வரலாம், ஒவ்வொரு பிட்டையும் சரியான நேரத்தில் பார்க்க வேண்டும், அதனால் வேகக் கடிகாரம் விடிய விடிய ஓடும். காட்டு நடுவில், எதுவும் இணைக்காத ஒரு பின்னில், வராத எழுத்துக்காக. வாங்கும் பக்கத்தை மூடினேன், அப்புறம் யோசித்து யுஆர்ட்டையே தூங்குவதற்கு முன்னால் முழுசாக மூடினேன். 10 இறங்கி 4.5. இதே கதைதான் சாதாரண டைமருக்கும். பத்து நிமிடம் எண்ணுவதற்கு டைமர் பெரிஃபெரலைப் பயன்படுத்தினால் அது வேகக் கடிகாரத்தில் எண்ணும், அதே வேலையை ஆர்டிசி என்ற மெதுவான கடிகாரப் பகுதி 32 கிலோஹெர்ட்ஸில் எண்ணும். நல்லவேளையாக அந்த ஒன்றை நான் முதலிலேயே சரியாகச் செய்திருந்தேன்.

மிச்சமிருந்த 450 மைக்ரோ என்னை நாலு நாள் அலைக்கழித்தது.

சென்சாரைக் கழற்றினேன், குறையவில்லை. ஐ2சி கோடு முழுவதையும் எடுத்துவிட்டேன், 45க்கு வந்தது. சரி, ஐ2சிதான் என்று முடிவு பண்ணி, ஐ2சி மட்டும் உள்ள ஒரு சின்னப் புரோகிராம் எழுதி ஏற்றினால் அதில் கரண்ட் ஏறவே இல்லை! திரும்ப முழு புரோகிராமுக்குப் போய் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பெட்டிச் சுவரில் ஒரு ரீட் சுவிட்ச் ஒட்டியிருக்கிறேன், வெளியிலிருந்து காந்தத்தைக் காட்டினால் இரண்டு நிமிடத்துக்கு மட்டும் புளூடூத் திறக்கும், போனில் இணைத்து அமைப்புகளை மாற்றலாம். அந்தச் சுவிட்சுக்கான இன்டரப்ட் கோடை, அதாவது சுவிட்ச் மாறினதும் சிப்பை எழுப்பும் கோடை, எடுத்தால் 400 மைக்ரோ காணாமல் போனது. ஐ2சி தனியாக இருந்தால் பிரச்சினை இல்லை, சுவிட்ச் இன்டரப்ட் தனியாக இருந்தாலும் இல்லை, இரண்டும் சேர்ந்தால் 400.

சிப் தயாரிப்பாளர் வெளியிடும் எர்ராட்டா என்ற பிழைப்பட்டியலை அதற்கு முன் நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. டேட்டாஷீட்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கும் தனி ஆவணம். திறந்தால் இது அப்படியே இருக்கிறது: சிபியு தலையிடாமல் தரவை நகர்த்தும் டிஎம்ஏ வழியாக ஓடும் ஐ2சியும், பின் மாற்றத்தை நிகழ்வாகப் பிடிக்கும் அமைப்பும் சேர்ந்தால் 400 முதல் 450 மைக்ரோ நிலையாகப் போகும் என்று. மாற்று வழியும் கொடுத்திருக்கிறார்கள். ஐ2சியை மூடின பிறகு, அந்தப் பெரிஃபெரலின் பவர் ரெஜிஸ்டரில் 0 எழுதி, ஒருமுறை படித்து, திரும்ப 1 எழுத வேண்டும். மூன்று வரி. நாலு நாள் தேடினது நாலாவது நாள் ராத்திரி மூன்று வரியில் போயே போய்விட்டது. சுவிட்சையும் வேறு வழிக்கு மாற்றினேன், அந்தச் சிப்பில் பின் நிலையை வேகக் கடிகாரமே இல்லாமல் உணர்கிற இன்னொரு முறை இருக்கிறது, ஒரு காந்தத்தைக் கண்டுபிடிக்க மைக்ரோ செகண்ட் துல்லியம் எதற்கு. இப்போதெல்லாம் புதுச் சிப் எடுத்தால் முதலில் எர்ராட்டா படிக்கிறேன், அப்புறம்தான் டேட்டாஷீட்.

இந்த இடத்தில் 10 ஓமை எடுத்து 1 கிலோஓமுக்கு மாறினேன். மீட்டர் 45 காட்டியது, ஆனால் நிற்கவில்லை. நான் குனிந்து பார்க்கும்போது 52, பின்னால் சாய்ந்தால் 44. கையைப் போர்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கொண்டுபோனால் ஏறுகிறது, எடுத்தால் இறங்குகிறது. தொடவே இல்லை. அரைமணி நேரம் இதையே செய்துகொண்டிருந்தேன், விளக்கு மேல் கை வைத்து நிழல் பார்க்கிற மாதிரி. காரணம், பயன்படுத்தாத பின்கள் எல்லாவற்றையும் நான் ஒரு லூப் போட்டு இன்புட்டாக வைத்திருந்தேன், பாதுகாப்பு என்று நினைத்து. எதிலும் இணைக்காத இன்புட் பின் மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் நடுவில் மிதக்கும். உள்ளே இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டரும் அரைகுறையாகத் திறந்து, மேலிருந்து கீழே நேராகக் கரண்ட் ஒழுகும். என் கையின் மின்புலமே அதை ஆட்டப் போதும். பயன்படுத்தாத பின்னின் இன்புட் பஃபரைத் துண்டித்துவிட வேண்டும், சிப் ரீசெட் ஆகி எழும்போது அப்படித்தான் இருக்கிறது, நான்தான் மாற்றியிருக்கிறேன். லூப்பை அழித்தேன், ரீடிங் அசையாமல் நின்றது.

ஃபிளாஷ் மெமரி சிப் ஒன்று இருக்கிறது, ரேடியோ எட்டாத நேரத்தில் பதிவு செய்ய. அதற்கும் ஸ்டாண்ட்பை வேறு, பவர் டவுன் வேறு. ஹெக்ஸில் பி9 என்ற ஒற்றை பைட் கட்டளை அனுப்பினால் 15 சொச்சம் மைக்ரோ 1 மைக்ரோவாகிறது, ஏபி அனுப்பினால் எழுந்துகொள்கிறது. பேட்டரி வோல்டேஜ் அளக்க இரண்டு 100 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தேன், அது 24 மணி நேரமும் 22 மைக்ரோ. ஒரு நாளைக்கு ஒருமுறை பார்க்கிற அளவுக்கு நாள் முழுவதும் ஒழுக விடுவதா? சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் ஒரு சின்ன மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் போட்டு, அளக்கும்போது மட்டும் இணைகிற மாதிரி வைத்தேன். அளப்பதை ரேடியோ அனுப்பிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் வைத்தேன், சுமை இருக்கும்போதுதான் செல் தன் உண்மையான நிலையைச் சொல்லும். அளந்து முடிந்ததும் ஏடிசியை நிறுத்தச் சொல்லிக் கட்டளை கொடுக்க மறக்கக் கூடாது, அதுவும் பந்தியில் உட்கார்ந்திருக்கிற ஆள்தான்.

கடைசியில் மீட்டர் 5.5 காட்டியது. 4000 மைக்ரோவில் ஆரம்பித்தது.

இடையில் ஒரு தப்பான வழியிலும் போனேன், அதையும் சொல்ல வேண்டும், நிறைய பேர் போகிற வழி. எல்லா சென்சாருக்கும் பவரையே வெட்டிவிட்டால் என்ன என்று தோன்றி, காற்று சென்சாரின் 3.3 வோல்ட் கம்பியை ஒரு மாஸ்ஃபெட் வழியாக வெட்டினேன். கரண்ட் குறையும் என்று பார்த்தால் ஏறியது. ஐ2சி கம்பி இரண்டுக்கும், அவற்றை 3.3 வோல்ட்டுக்கு இழுத்து வைக்க, 4.7 கிலோஓம் புல்-அப் ரெசிஸ்டர், அவை எப்போதும் பவர் இருக்கும் 3.3 வோல்ட்டில் கட்டியிருந்தன. சென்சாரின் பவர் பின்னை வெட்டினாலும், டேட்டா பின்னில் இருக்கும் பாதுகாப்பு டையோடு வழியாகக் கரண்ட் உள்ளே புகுந்து சென்சாரை அரை உயிரில் வைத்திருந்தது. ஒரு கம்பிக்கு அரை மில்லி வரைக்கும்கூடப் போகலாம். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட கதை. பவரை வெட்டுவதென்றால் புல்-அப்பையும் அதே வெட்டின கம்பியில் கட்ட வேண்டும், சிப் பக்கத்துப் பின்களையும் துண்டிக்க வேண்டும். காற்று சென்சாருக்கு அந்த வேலையே தேவையில்லை, 0.2 மைக்ரோவில் தூங்குகிறதை எதற்குத் தொந்தரவு செய்வது, மாஸ்ஃபெட்டை எடுத்துவிட்டேன். மண் சென்சாருக்கு மட்டும் வைத்தேன். அது ஒரே கம்பியில் பேசும் ஒன்வயர் டிஎஸ்18பி20, வேலை செய்யும்போது 1 மில்லி போலத்தான் இழுக்கும், சிப்பின் ஒரு பின்னே அதற்கு நேரடியாகப் பவர் கொடுத்துவிடும், புல்-அப்பும் அதே பின்னில்.

அந்த மண் சென்சாரில் இன்னொரு பாடம். 12 பிட் துல்லியத்தில் அது அளக்க 750 மில்லிசெகண்ட் எடுக்கும். லைப்ரரி கோடு அந்த முக்கால் செகண்டும் சிப்பை விழிக்க வைத்து சும்மா சுற்றவிடுகிறது. 3.7 மில்லி, முக்கால் செகண்ட், ஒவ்வொரு பத்து நிமிடமும். ரேடியோ ஒருமுறை அனுப்பும் செலவில் பாதி, வெறும் காத்திருப்புக்கு. அளக்கச் சொல்லிவிட்டு ஆர்டிசியில் அலாரம் வைத்துத் தூங்கிவிட வேண்டும், அலாரம் அடித்ததும் எழுந்து படிக்க வேண்டும். துல்லியத்தையும் 10 பிட்டுக்குக் குறைத்தேன், 187.5 மில்லிசெகண்டில் முடிந்துவிடும், கால் டிகிரி அளவுக்குத் தெரிகிறது. உருளைக்கிழங்கு மண்ணுக்கு அதுவே தாராளம்.

தூக்கம் சரியானதும் மிஞ்சினது ரேடியோ. 13 டிபிஎம் பவரில் 29 மில்லி. எண்களை எழுத்தாக எழுதி 20 பைட் அனுப்பிக்கொண்டிருந்தேன், லோராவின் வேகத்தைத் தீர்மானிக்கும் ஸ்பிரெடிங் ஃபேக்டர் 9, 125 கிலோஹெர்ட்ஸில் அது காற்றில் 185 மில்லிசெகண்ட். சராசரி பார்த்தால் 9 மைக்ரோ, மற்ற எல்லாத் தூக்கச் செலவையும்விட அதிகம். பைனரியாகச் சுருக்கி 8 பைட் ஆக்கினேன், 124 மில்லிசெகண்ட். அதைவிடப் பெரிய லாபம், எப்போது பேச வேண்டும் என்று பெட்டியே முடிவு செய்கிற மாதிரி மாற்றினது. 6 டிகிரிக்கு மேலே இருந்தால் மணிக்கு ஒருமுறை, கீழே இறங்கினால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. மே மாதத்து மத்தியானத்தில் மாமாவுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்ன தெரிய வேண்டியிருக்கிறது?

மேஜையில் எல்லாம் சரி. நவம்பரில் பெட்டியைத் திரும்ப ஓடைக்கரையில் நட்டு, ஒரு வாரம் கழித்து விடியற்காலையில் போய் மீட்டர் வைத்துப் பார்த்தால் 40 மைக்ரோ. வீட்டுக்கு எடுத்து வந்து அடுப்புப் பக்கத்தில் ஒரு மணி நேரம் வைத்தேன், 5.5. திரும்பக் கீழே கொண்டுபோனால் திரும்ப ஏறுகிறது. பலகையை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சால்டர் பண்ணின இடங்களைச் சுற்றி சால்டரோடு சேரும் ஃபிளக்ஸ் பசை மஞ்சளாக ஒட்டியிருந்தது, அதன்மேல் மூச்சுவிட்ட கண்ணாடி மாதிரி மெல்லிய ஈரப்படலம். ஃபிளக்ஸ் மிச்சமும் மூடுபனியும் சேர்ந்தால் அது மின்கடத்தி. ரீட் சுவிட்சுக்கு 1 மெகாஓம் புல்-அப் வைத்திருந்தேன், அந்த ஈரத்தில் அதுவும் ஆடியது, ராத்திரியில் யாரும் காந்தம் காட்டாமலே புளூடூத் திறந்திருக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றிப் பல் பிரஷ்ஷால் இரண்டுமுறை தேய்த்துக் கழுவி, காயவைத்து, ஈரம் புகாமல் மூடும் கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்பிரே அடித்தேன், சென்சாரின் வாயை மட்டும் டேப் ஒட்டி மூடிக்கொண்டு. புல்-அப்பை 220 கிலோஓமாக இறக்கினேன், சுவிட்ச் எப்போதும் திறந்தே இருப்பது என்பதால் செலவு ஒன்றுமில்லை. சமவெளியில் இருப்பவர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போயிருக்கலாம், மலையில் முடியாது. அடுத்த நாள் விடியற்காலை 6 மைக்ரோ.

மொத்த சராசரி இப்போது பனிக்காலத்தில்கூட 15 மைக்ரோவுக்குள் நிற்கிறது. வகுத்துப் பார்த்தால் பதினைந்து வருடம் என்று வரும், அதை நான் நம்பவில்லை, அல்கலைன் செல் சும்மா வைத்திருந்தாலே அத்தனை காலம் தாங்காது, கசிந்து பலகையைத் தின்றுவிடும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதாக முடிவு.

அந்த நவம்பரில் போட்ட செல்கள்தான் இன்னும் உள்ளே இருக்கின்றன. ஜனவரியில் ஒரு ராத்திரி மூன்றே முக்காலுக்கு மாமாவின் போன் அடித்திருக்கிறது, கீழ்ப்பாத்தியில் 1.2 டிகிரி என்று. காலையில் நான் போனபோது ஸ்பிரிங்ளர் ஓடிக்கொண்டிருந்தது, ஓடைக்கு அந்தப் பக்கம் புல்வெளி வெள்ளை, இந்தப் பக்கம் பாத்தி ஈரமாகப் பச்சை. நேற்று போன வழியில் பெட்டியைத் திறந்து அளந்தேன், பதினாலு மாதத்துக்கு அப்புறம் மூன்று செல்லும் சேர்ந்து 4.5 வோல்ட். மாமா கேரட் பாத்திக்கு இன்னொன்று கேட்டிருக்கிறார், எதிர்ச்சரிவு அண்ணன் தேயிலைக்கு ஒன்று. இரண்டுக்கும் பலகை வந்துவிட்டது, இன்று சாயந்திரம் முதல் வேலையாக எல்இடியை எடுக்கப் போகிறேன்.